வண்டி ஏன் ஆடியது?

சில மாதங்களுக்கு முன், எங்கள் ஊருக்கு அருகில் உள்ள ஒரு பள்ளியில் ரோபோ, எலெக்ட்ரானிக்ஸ் ஆகிய துறைகளையும் அவற்றில் கிடைக்கும் வேலைகளையும் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தும் ஒருநாள் முகாம் நடந்தது. காலையில் பயிற்சி, மாலையில் போட்டி. போட்டிக்கு நடுவராக என்னை அழைத்திருந்தார்கள். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை. ஆனாலும் காலையிலேயே சென்று, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். இத்தகைய முகாம்கள் இப்பொழுது ஊருக்கு ஊர் நடைபெறுகின்றன. பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள். பிள்ளைகள் ஒரு நாள் பாடத்தை விட்டு வருகிறார்கள். அன்று கேட்டதை வைத்து அடுத்து என்ன படிப்பது என்று முடிவு செய்பவர்களும் உண்டு. ஒரு நூலையோ நாடகத்தையோ மதிப்பிடுவது போல இவற்றையும் மதிப்பிட்டால் என்ன என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

போட்டியில் பன்னிரண்டு குழுக்கள். பன்னிரண்டு குழுக்களும் செய்திருந்தது ஒன்றே: வெள்ளைத் தாளில் ஒட்டிய கறுப்புக் கோட்டைத் தொடர்ந்து, ஆள் தொடாமல் ஓடும் சிறு வண்டி. வண்டிகள் ஓடத்தான் செய்தன. ஆனால் ஒன்றாவது நேராக ஓட வேண்டுமே! புதிதாக சைக்கிள் பழகும் பையனைப் போல இடமும் வலமும் ஆடி ஆடிச் சென்றன. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம், "ஏம்மா, வண்டி ஏன் இப்படி ஆடுகிறது?" என்று கேட்டேன். அவள் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்தாள். அவர், "பேட்டரியில் சார்ஜ் குறைந்திருக்கும் சார்" என்று சொல்லிப் புதிய பேட்டரியை மாட்டிக் கொடுத்தார். வண்டி முன்னைவிட அதிகமாக ஆடியது!

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மதிப்பெண்களைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அன்றைய முகாமில் மாணவர்கள் கற்றிருக்கக்கூடிய மிக உயர்ந்த பாடம் அந்த ஆட்டத்தில்தான் இருந்தது என்பது என் எண்ணம். அதை ஒரு கோளாறு என்று சொல்லி மூடிவிட்டார்கள்.

ஆட்டத்தின் காரணத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம். வண்டியின் முன்புறத்தில், கோட்டுக்கு இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு உணரிகள் இருக்கின்றன. ஒவ்வோர் உணரியிலும் அகச்சிவப்பு ஒளியை உமிழும் டையோடு ஒன்றும், திரும்பி வரும் ஒளியை அளக்கும் ஒளி டிரான்சிஸ்டர் ஒன்றும் உண்டு. வெள்ளைத் தாள் ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுப்புக் கோடு பெரும்பகுதியை உட்கவர்ந்துகொள்ளும். இரண்டு உணரிகளும் வெள்ளையைப் பார்த்தால் வண்டி நேராகப் போகிறது. இட உணரி கறுப்பைப் பார்த்தால், வண்டி வலப்பக்கம் விலகிவிட்டது என்று பொருள். உடனே இட மோட்டார் நிறுத்தப்படும். வண்டி இடப்பக்கம் திரும்பும்.

இதில் 'உடனே' என்ற சொல்லைக் கவனியுங்கள். உடனே என்பது உண்மையில் உடனே அன்று. உணரி அளக்க வேண்டும். சிறு கணிப்பொறி அந்த அளவைப் படித்து முடிவு செய்ய வேண்டும். மோட்டார் நிற்க வேண்டும். மோட்டார் நின்ற பின்னும் நிலைமத்தால் வண்டி சிறிது தூரம் தள்ளிப் போகும். எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் வேகம் நொடிக்கு 50 செ.மீ. என்றால், அந்த நேரத்திற்குள் அது 5 செ.மீ. சென்றுவிடும். கோட்டின் அகலமோ இரண்டு, மூன்று செ.மீ.தான். ஆகவே, 'கோட்டை விட்டு விலகிவிட்டாய்' என்ற செய்தி சக்கரத்தை அடைவதற்குள் வண்டி வேறோர் இடத்தில் இருக்கிறது. திருத்தம் தாமதமாக வருகிறது. தாமதமாக வந்ததால் அளவுக்கு மிஞ்சுகிறது. மிஞ்சியதைத் திருத்த மறுபக்கம் ஒரு மிஞ்சல். இதுதான் ஆட்டம். புதிய பேட்டரி மாட்டியதும் மோட்டார் வேகமாகச் சுழன்றது, அதே தாமதத்தில் வண்டி இன்னும் அதிக தூரம் சென்றது, ஆட்டமும் கூடியது. பயிற்சியாளர் தம்மையறியாமல் நல்லதொரு சோதனையைச் செய்து காட்டினார். அதைச் சோதனை என்று கண்டுகொள்ள அங்கு ஒருவரும் இல்லை.

இது விளையாட்டு வண்டிக்கு மட்டும் வரும் தொல்லை அன்று. நீராவி எந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்த ஜேம்ஸ் வாட் 1788இல் சுழலும் இரு குண்டுகள் கொண்ட ஒரு வேகக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் குறைந்தால் அவை தாழ்ந்து நீராவியை அதிகமாக்கும். இந்த வகை அமைப்புகள் சில வேளைகளில் அமைதியாகாமல் வேகத்தை மேலும் கீழும் அலைய வைத்தன. இங்கிலாந்தின் அரசவை வானியலாளர் ஏரி, விண்மீன்களைத் தொடரும் தொலைநோக்கியைச் சீராகச் சுழற்ற இத்தகைய அமைப்பைக் கையாண்டபோது அதே தொல்லையைச் சந்தித்து 1840இல் அதைக் கணித முறையில் ஆராய்ந்தார். 1868இல் மின்காந்தக் கொள்கையால் புகழ்பெற்ற மாக்ஸ்வெல் இந்தக் கட்டுப்பாட்டு அமைப்புகளைப் பற்றியே ஓர் ஆய்வுரை எழுதினார். எப்பொழுது ஆட்டம் அடங்கும், எப்பொழுது வளரும் என்பதைச் சமன்பாடுகளைக் கொண்டு சொல்லும் கலை அதிலிருந்து வளர்ந்தது. 1922இல் மினார்ஸ்கி என்பவர் கப்பலைத் தானாகச் செலுத்தும் முறையைப் பற்றி எழுதினார். தேர்ந்த சுக்கான்காரன் கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு விரைவாக விலகுகிறது என்பதையும், விலகல் எவ்வளவு நேரமாக நீடிக்கிறது என்பதையும் சேர்த்தே சுக்கானைத் திருப்புகிறான். இந்த மூன்றையும் கணக்கில் கொள்ளும் முறைதான் இன்றும் தொழிற்சாலைகளில் வெப்பநிலை, அழுத்தம், மோட்டார் வேகம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தப் பரவலாகப் பயன்படுகிறது. கப்பலின் இடத்தில் நம் வண்டியை வைத்துப் பாருங்கள்; கணக்கு மாறாது.

இவ்வளவையும் ஒன்பதாம் வகுப்பில் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். சமன்பாட்டைச் சொல்ல முடியாது. ஆனால் வேகத்தைப் பாதியாக்கி ஓட்டிப் பார் என்று சொல்லலாம். நிரலில் வேண்டுமென்றே தாமதத்தை அதிகமாக்கி ஓட்டிப் பார் என்று சொல்லலாம். இரண்டையும் செய்து பார்க்க அரை மணி நேரம் போதும். செலவு ஒரு காசும் இல்லை.

அந்த அரை மணி நேரம் எங்கே போயிற்று? காலையில் முதல் ஒரு மணி நேரம் படக்காட்சி. ஹோண்டா நிறுவனம் 2000இல் உருவாக்கி, 2022 வரை மேடைகளில் நடக்க வைத்துக் காட்டிய 'அசிமோ' படியேறியது. மனித முகம் பொருத்திய மற்றொரு பொம்மை கண் சிமிட்டியது. பிறகு நம் 'எந்திரன்' படத்தின் துண்டுகள். பிள்ளைகள் கைதட்டினார்கள். 2010இல் வந்த அந்தப் படத்தை நானும் மாணவனாக இருந்தபோது கைதட்டித்தான் பார்த்தேன். ஆனால் அதில் சிட்டி தன் வேகம் ஒரு டெராஹெர்ட்ஸ் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறதே, அந்த இடத்தில் படத்தை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஒரு டெராஹெர்ட்ஸ் துடிப்பின் ஒரு சுற்று ஒரு நொடியில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளியே 0.3 மி.மீ. தூரந்தான் செல்லும். கணிப்பொறிச் சில்லின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் பல துடிப்புகள் முடிந்துவிடும்! இன்று நம் மேசைகளில் உள்ள கணிப்பொறிகள் சில ஜிகாஹெர்ட்ஸ் அளவிலேயே நிற்பது ஏன், அவற்றின் மேல் விசிறி ஓடுவது ஏன் என்று அங்கிருந்து தொடங்கியிருக்கலாம். கைதட்டலோடு அது முடிந்தது.

மனித உருவத்தையே திரும்பத் திரும்பக் காட்டுவதில் மற்றொரு தீங்கும் உண்டு. 'ரோபோ' என்ற சொல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய ஒரு நாடகத்திலிருந்து வந்தது. கட்டாய உழைப்பு என்ற பொருளுடைய செக் சொல் அதன் வேர். ஆனால் தொழிற்சாலைக்குள் முதன்முதலில் வேலைக்குச் சென்ற ரோபோவுக்கு முகமும் இல்லை, காலும் இல்லை. 1961இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் நிறுவப்பட்ட 'யூனிமேட்', சுமார் 1,800 கிலோ எடையுள்ள ஒற்றைக் கை. அச்சிலிருந்து வெளிவரும் சூடான உலோக வார்ப்புகளை எடுத்து வைப்பது அதன் வேலை. இன்று இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் உடற்பகுதிகளைப் பற்றவைப்பவையும் கைகளே. ரோபோ வேலை என்றால் என்ன என்று கேட்கும் மாணவனுக்கு முதலில் காட்ட வேண்டியது இந்தக் கையை அன்றோ?

கை என்றதும் நினைவுக்கு வருகிறது. பிற்பகலில் பயிற்சியாளர் ஒரு சிறு பிளாஸ்டிக் கையைக் காட்டினார். பேனாவை எடுத்தது; சாக்பீஸ் டப்பாவை எடுக்க முடியாமல் கையை நீட்டியபடி நடுங்கியது. "மோட்டாருக்குச் சக்தி போதாது" என்றார். எவ்வளவு போதாது? அந்தச் சிறிய சர்வோ மோட்டாரின் திறன் 1.8 கிலோ–செ.மீ. அதாவது, அச்சிலிருந்து 10 செ.மீ. தொலைவில் 180 கிராம் தாங்கும், 20 செ.மீ. தொலைவில் 90 கிராம்தான். அதிலும் கையின் சொந்த எடை முதலில் கழியும். பத்தாம் வகுப்பில் வரும் திருப்புத்திறன் கணக்கு இது. கையை மடக்கி, டப்பாவை உடலோடு ஒட்டி எடுத்திருந்தால் அதே மோட்டார் எடுத்திருக்கக்கூடும். குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கும் பெண்கள் நிறைந்த ஊரில் இதற்குத் தனியே விளக்கம் வேண்டியதில்லை.

கிட் பெட்டிகளின் மேல் எனக்குப் பகை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் கல்லூரியில் சேர்ந்தபோது, ஒரு டிரான்சிஸ்டர் சுற்றைச் சால்டரிங் வைத்து முடிப்பதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும். முடித்தாலும் வேலை செய்யாது. அந்தச் சோர்விலேயே எலெக்ட்ரானிக்ஸை விட்டு ஓடியவர்கள் உண்டு. பெட்டியில் உள்ள பகுதிகள் ஒன்றோடொன்று தவறாமல் பொருந்துகின்றன. பத்து நிமிடத்தில் மோட்டார் சுழல்கிறது. அந்த முதல் மகிழ்ச்சிக்கு விலை உண்டு. ஆனால் தவறே நேராதபடி செய்துவிட்ட பெட்டி, தவறைத் தேடிக் கண்டுபிடிக்கும் வாய்ப்பையும் எடுத்துவிடுகிறது. மல்டிமீட்டரை அன்று ஒரு மாணவரும் கையில் எடுக்கவில்லை. நிரலின் வரிகள் அச்சடித்த தாளில் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் அவற்றை எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தட்டினார்கள். எந்த வரி எதைச் செய்கிறது என்று தமிழில் ஒரு வாக்கியம் எழுதி ஒட்டியிருந்தால்கூடப் போதுமாயிருந்தது. மாலையில் பெட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்குப் போனது சான்றிதழ் மட்டுமே.

கடைசி அரை மணி நேரம் வேலை வாய்ப்புகளைப் பற்றியது. திரையில் ஒரு படம்: கீழே பள்ளி, நடுவில் பொறியியல் கல்லூரி, மேலே வெளிநாட்டுக் கட்டடம். ரோபோ துறை என்றால் பி.இ. ஒன்றே வழி என்று அரங்கில் இருந்த அத்தனை பேரும் நம்பிப் போயிருப்பார்கள். அன்றைய நிகழ்ச்சியில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

ஒரு கார் ஆலையின் பற்றவைப்புப் பிரிவில் என்ன நடக்கிறது? ஒரு காரின் உடற்பகுதியில் சில ஆயிரம் புள்ளிகளில் பற்றவைப்பு வேண்டும். கை எந்தப் புள்ளிக்கு எந்தக் கோணத்தில் செல்ல வேண்டும் என்பதை, கையில் பிடிக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியின் உதவியால் ஒருவர் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்திக் காட்டிப் பதிய வைக்கிறார். பற்றவைப்பு முனை தேயும். அதைச் சீவிச் சரிசெய்ய வேண்டும், பிறகு மாற்ற வேண்டும். இலட்சக்கணக்கான முறை வளைந்து நிமிரும் கேபிள் உள்ளே நைந்து போகும். எந்த இடத்தில் என்று மீட்டரை வைத்துத் தேட வேண்டும். உணரியின் மேல் தூசி படிந்து பொய் சொல்லும். கட்டுப்பாட்டு அலமாரியில் ஒயர் கோப்பவர், காற்றழுத்தக் குழாயைக் கவனிப்பவர், அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவர் என்று ஒரு ரோபோவைச் சுற்றிப் பலர் இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் படித்தவர்கள்.

பத்தாம் வகுப்பு முடித்தவர் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவில் இரண்டு ஆண்டு படிக்கலாம். பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு டிப்ளமா படித்து, விரும்பினால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பிளஸ் டூவில் கணிதம் படித்து பி.எஸ்ஸி. முடித்தவருக்கும் அந்த வழி உண்டு. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தரம் உயர்த்தப்பட்டன. தொழிற்சாலை ரோபோக்களை இயக்கும் பயிற்சிக்கே தனிப் பிரிவு வந்துள்ளது. மத்திய அரசு 2016இல் தொடங்கிய அடல் ஆய்வகத் திட்டத்தில் தேர்வாகும் பள்ளிக்கு 20 இலட்சம் ரூபாய் வரை கொடுக்கிறார்கள். அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். முகாமில் இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. அந்த அரங்கில் இருந்தவர்களில் பொறியியல் கல்லூரிக் கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகள் பாதிக்கு மேல் இருப்பார்கள். இந்தத் துறை தங்களுக்கு இல்லை என்று எண்ணிக்கொண்டு அவர்கள் பேருந்து ஏறியிருப்பார்கள்.

சொல்லாமல் விட்டதில் கசப்பானதும் உண்டு. எலெக்ட்ரானிக்ஸ் ஆலை என்றால் உயர்ந்த சம்பளம் என்ற எண்ணத்தை மட்டும் ஊட்டுவது சரியன்று. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் 2006இல் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. கிராமப்புறங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் அங்கு வேலை செய்தார்கள். 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. அதன் பின்னும் அந்த வட்டாரத்தில் கைப்பேசித் தொழில் வேறு நிறுவனங்களால் பெரிதாகவே வளர்ந்தது என்பது உண்மை. ஆனாலும் ஒரே இடத்தில் நின்று ஒரே திருகைத் திருகும் வேலைக்கும், பலகையில் எந்தப் பகுதி பழுது என்று கண்டுபிடிக்கும் வேலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பதினைந்து வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இரண்டையும் 'எலெக்ட்ரானிக்ஸ் வேலை' என்றே அழைக்கிறோம்.

இத்தனைக்கும் பாடநூலில் பலவும் இருக்கின்றன. பதினொன்றாம் வகுப்பில் தடையுறு அலைவுகள். பன்னிரண்டாம் வகுப்பில் டையோடு, டிரான்சிஸ்டர், தருக்க வாயில்கள், அலையியற்றி. அலையியற்றியில் பின்னூட்டத்தைச் சரியான கட்டத்தில் செலுத்தினால் அலைவு தானே நீடிக்கும் என்று படிக்கிறோம். தேர்வில் வரைபடத்துடன் எழுதி ஐந்து மதிப்பெண்ணும் வாங்குகிறோம். நம் வண்டி ஆடியதும் அதே வகைதான். திருத்தம் தாமதமாகி, ஆட்டத்தை அடக்க வேண்டிய பின்னூட்டம் ஆட்டத்தை வளர்க்கும் பின்னூட்டமாக மாறிவிட்டது. ஒன்றை நாம் வேண்டிச் செய்கிறோம், மற்றொன்று வேண்டாமலே வருகிறது. பாடம் நடத்தும் நாங்களும் இந்தத் தொடர்பைச் சொல்வதில்லை. முகாம்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நானே எம்.எஸ்ஸி. முடித்து மூன்று ஆண்டுகள் கழித்துத்தான், கல்லூரிச் சோதனைச் சாலையில் ஒரு பெருக்கி காரணமில்லாமல் கீச்சிட்டதைச் சரிசெய்யப் போராடியபோது, இதைப் புரிந்துகொண்டேன்.

முகாம் முடிந்து மூன்று வாரம் கழித்து அந்த மாணவி தன் அறிவியல் ஆசிரியருடன் எங்கள் சோதனைச் சாலைக்கு வந்தாள். ஆசிரியர் சென்னை ரிச்சி தெருவுக்குப் போயிருந்தபோது மோட்டார்களும் உணரிகளும் தனித்தனியே வாங்கி வந்திருக்கிறார். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆயிற்றாம். வண்டி அட்டையில் செய்யப்பட்டிருந்தது. ஒரு சக்கரம் கோணல். "வேகத்தைக் குறைத்துவிட்டேன் சார், ஆட்டம் நின்றுவிட்டது" என்றாள். தாளில் ஓட்டிக் காட்டினாள். நேரான கோட்டில் வண்டி அழகாகச் சென்றது. "ஆனால் சார், திருப்புகிற வலிமையையும் குறைத்திருக்கிறேன். இப்பொழுது வளைவு வந்தால் கோட்டை விட்டுவிட்டு நேரே போய்விடுகிறது. வலிமையைக் கூட்டினால் மறுபடியும் ஆடுகிறது." ஒரு நோட்டுப் புத்தகத்தில் வலிமை எவ்வளவு, ஆட்டம் எவ்வளவு, எந்த வளைவில் விலகுகிறது என்று பத்துப் பதினைந்து வரிகள் குறித்து வைத்திருந்தாள். மினார்ஸ்கியின் சுக்கான்காரனைப் பற்றி அவளிடம் சொன்னேன். விலகும் வேகத்தையும் நிரலில் சேர்த்து எழுதிப் பார்த்துவிட்டு அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள்.